வெள்ளகவியின் காபியும் பி.பி.ஏ. வகுப்பும்

கொடைக்கானலிலிருந்து வட்டக்கானல் வழியாக டால்பின் நோஸ் பாறையைக் கடந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில் இருக்கிறது வெள்ளகவி. அதே பாதை இன்னும் கீழே போய்ப் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் கும்பக்கரையில் சமவெளியைத் தொடுகிறது. வத்தலக்குண்டுச் சாலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாகனங்களுக்குத் திறக்கப்படும் வரை, கொடைக்கானலுக்கு ஏறியவர்கள் இந்தப் பக்கத்து நடைபாதைகளைத்தான் நம்பியிருந்தார்கள். நடந்தும், குதிரையிலும், பல்லக்கிலும் போனார்கள். சாலை வேறு பக்கம் போய்விட, தலைமுறைகளாக வண்டி எட்டாத ஊராக வெள்ளகவி நின்றுபோனது. வீடுகளுக்கு நடுவே கோயில்கள் இருப்பதால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. காபி, மிளகு, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட், வாழை என்று மலையில் விளைவதெல்லாம் விளைகிறது. விளைந்தது வெளியே போகவும், அரிசி பருப்பு உள்ளே வரவும் தலைச்சுமையும் குதிரை முதுகும்தான் வழி. இப்படி ஓர் ஊரை நிர்வாகவியல் பட்டப்படிப்போடு சேர்த்துப் பேசக் காரணம் இருக்கிறது. தொழில்முனைவும் சந்தைப்படுத்தலும் கல்லூரியில் கற்பிக்கத் தகுந்த பாடங்கள்தாம். ஆனால் அவற்றை நாம் கற்பிக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது. விளம்பரத்தில் தொடங்கி, நேரம் கிடைத்தால் பொருளுக்கு வருகிறோம். தொடங்க வேண்டியது பொருள் நடந்து போகும் பாதையில். வெள்ளகவியைப் போல அந்தப் பாதை கண்ணுக்கு நேராகத் தெரியும் இடங்கள் அதிகமில்லை.

பி.பி.ஏ. மாணவர் எவரும் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்துவிடும் ஒன்று, சந்தைப்படுத்தலின் நான்கு கூறுகள்: பொருள், விலை, இடம், விளம்பரம். 1960-இல் ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் இப்படி வகுத்தார். 1967-இல் முதன்முதலாக வந்த பிலிப் கோட்லரின் பாடநூல் அதை உலகமெங்கும் வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனது. இந்த நான்கில் விளம்பரத்துக்குத்தான் மாணவர்களின் ஆர்வமும் செய்முறைப் பயிற்சியும் போய்ச் சேர்கின்றன. முத்திரைச் சின்னம் வரைவது, சமூக ஊடகப் பதிவு தயாரிப்பது, கற்பனைப் பொருள் ஒன்றுக்கு முழக்கம் எழுதுவது ஆகியவை உற்சாகமான வேலைகள். மூன்றாவதான ‘இடம்’ என்பதோ மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்ற பெட்டிப் படத்தோடு முடிந்துவிடும். வெள்ளகவியில் அந்த மூன்றாவது கூறுதான் மற்ற மூன்றையும் தீர்மானிக்கிறது. எதைப் பயிரிடுவது, எந்த நிலையில் விற்பது, என்ன விலையை ஏற்றுக்கொள்வது ஆகிய எல்லாமே மலைப்பாதையில் ஒரு கிலோவைத் தூக்கிக்கொண்டு போகும் கூலியைப் பொறுத்தவை. சந்தையின் தூரம் நிலத்தின் பயன்பாட்டை எப்படி மாற்றுகிறது என்று 1826-இல் ஜெர்மனியில் ஃபான் தூனன் ஒரு நூல் எழுதினார். பொருளாதாரப் புவியியலின் தொடக்க நூல்களில் அது ஒன்று. மலைக்காரர்கள் அதைப் படித்ததில்லை. ஆனால் காய்ந்த மிளகு எடை குறைவு, விலை அதிகம், கெடாது என்பதும், பட்டர் ஃப்ரூட் கனமானது, பழுத்துவிட்டால் காத்திருக்காது என்பதும் அவர்களுக்கு அன்றாடக் கணக்கு. மிளகு கடல் கடந்து போனதும் இதே கணக்கில்தான்.

காபியை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். செடியிலிருந்து பறித்த சிவந்த பழத்தை அப்படியே விற்கலாம். முழுப் பழமாக வெயிலில் உலர்த்திச் செர்ரியாக விற்கலாம். அல்லது பறித்த அன்றே பல்ப்பரில் தோலை நீக்கி, ஊறவைத்து, கழுவி, உலர்த்திப் பார்ச்மென்ட்டாக விற்கலாம். 100 கிலோ பழம் உலர்ந்த பார்ச்மென்ட்டாக மாறும்போது ஏறக்குறைய 20 கிலோதான் நிற்கும். சாலையோரத் தோட்டத்துக்கு இது தரத்தைப் பற்றிய முடிவு. வண்டி போகாத ஊருக்கோ, ஐந்து நடைச் சுமையை ஒரு நடையாகக் குறைக்கும் முடிவும் கூட. பார்ச்மென்ட்டுக்கு விலையும் கூடுதல். ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும், இயந்திரம் வேண்டும், பறிப்பு நாட்களில் கூடுதல் ஆள் வேண்டும், காயும் வரை மழை வராமல் இருக்க வேண்டும், பணம் கைக்கு வரும் வரை பொறுக்கவும் வேண்டும். இவற்றையெல்லாம் எடைபோட்டு எந்த நிலையில் விற்பது என்று முடிவு செய்வதுதான் தொழில்முனைவு. ஒரு பருவத்துக்கு ஒரு பல்ப்பர் வாங்கிப் பத்துக் குடும்பங்கள் முறைவைத்துப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு மாணவர் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தால், முதலீடு, இடர், நடைமுறை மூலதனம் என்று பாடநூல் சொல்லும் எல்லாமே அந்தக் கணக்குக்குள் வந்துவிடும்.

அடுத்தது விலை. அரபிகா காபியின் உலக விலை நியூயார்க் சரக்குச் சந்தையிலும், ரொபஸ்டாவின் விலை லண்டனிலும் தீர்மானமாகின்றன. இந்தியாவில் 1990-களின் நடுப்பகுதி வரை காபி வாரியமே பொதுத் தொகுப்பில் வாங்கி விற்றது. அந்த ஏற்பாடு படிப்படியாகத் தளர்ந்து 1996-இல் முற்றிலும் விலகிய பிறகு, சிறு விவசாயியும் நேராகச் சந்தையின் முன் நிற்கிறார். 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அரபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டி அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. பிரேசிலின் வறட்சி பழனி மலைத் தோட்டத்துக் காபியின் விலையை ஏற்றுகிறது. அங்கே அமோக விளைச்சல் வந்தால் இங்கே விலை சரிகிறது. கைபேசி உள்ள எவரும் இன்றைய உலக விலையைப் பார்த்துவிடலாம். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, டாலரை ரூபாயாக்கி, பவுண்டைக் கிலோவாக்கி, சுத்தம் செய்த காபியிலிருந்து பார்ச்மென்ட்டுக்குப் பின்னோக்கிக் கணக்கிட்டு, சுமைகூலியும் எடைக் கழிவும் போக நம் தோட்டத்து வாசலில் என்ன விலை நியாயம் என்று சொல்லக்கூடியவர்கள்தான் குறைவு. மூன்றாண்டு பட்டம் பெற்றவர் இதைச் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பட்டம் அவருக்குச் சந்தையைக் கற்றுத்தரவில்லை என்றே நான் கொள்வேன்.

இந்த இடத்தில் மாணவர்களும், பல ஆசிரியர்களும்கூட, ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள்: இடைத்தரகர்தான் கொள்ளையடிக்கிறார், அவரை நீக்கிவிட்டால் விவசாயிக்கு முழு விலை கிடைத்துவிடும் என்று. இது பாதி உண்மை. வியாபாரி செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தால்தான் மறுபாதி தெரியும். பறிப்புக்கு முன் முன்பணம் கொடுக்கிறார். பல வீடுகளின் சிறு சிறு மூட்டைகளைச் சேர்க்கிறார், தரம் பிரிக்கிறார், சுமை ஏற்றுகிறார், வைத்திருக்கும் நாட்களில் விலை விழுந்தால் நட்டத்தைத் தாங்குகிறார், எந்த ஊர் ஆலையில் இன்று வாங்குவார்கள் என்று தெரிந்து வைத்திருக்கிறார். இவை அனைத்தும் செலவுள்ள வேலைகள்; யாராவது செய்தே ஆக வேண்டியவை. அதே நேரத்தில் முன்பணம் வாங்கியவர் விலை பேச முடியாது என்பதும், ஒரே ஒருவர் மட்டுமே வாங்க வரும் ஊரில் அவர் சொல்வதே விலை என்பதும் உண்மை. ஆகவே கேட்க வேண்டியது, அவருடைய வேலைகளில் எவற்றை ஊர் தானே செய்துகொள்ள முடியும், எவற்றை முடியாது என்பது. தரம் பிரிப்பதும் உலர்த்துவதும் முடியும். சேர்த்து விற்பதும், ஒற்றுமை இருந்தால், முடியும். முன்பணத்துக்கு மாற்றாகப் பறிப்புக் காலக் கடன் வேண்டும். அதற்குக் கூட்டுறவு சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ வேண்டும். விலை ஏற்ற இறக்கத்தைத் தாங்குவது எளிதல்ல. அதைப் பிறரிடமே விட்டுவிடுவது புத்திசாலித்தனமாகக்கூட இருக்கலாம். இப்படி வேலைவேலையாகப் பிரித்துப் பார்க்கப் பழகிய மாணவருக்கும், இடைத்தரகர் ஒழிக என்று முழங்கும் மாணவருக்கும் உள்ள வேறுபாடுதான் படிப்பு தர வேண்டிய பயன்.

வியாபாரியின் வேலைகளை ஊரே சேர்ந்து செய்வது மலைவாசிகளுக்கு எட்டாத கனவு என்று நினைப்பவர்கள் ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையில் அங்குள்ள பழங்குடி விவசாயிகளின் காபியை நாந்தி அறக்கட்டளையின் துணையோடு ஒரு கூட்டுறவு சங்கம் சேர்த்து, பழுத்த பழத்தை மட்டும் வாங்கி, ஒரே இடத்தில் பதப்படுத்தி, ஊரின் பெயரையே முத்திரையாக்கியது. 2017-இல் பாரிஸ் நகரத்தில் அரக்கு காபிக்குத் தனிக் கடை திறக்கப்பட்டது. 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாரிஸ் கடையின் அலங்காரத்தைத்தான் செய்திகள் பேசின. ஆனால் அதன் அடித்தளம், சிவந்த பழத்தை மட்டும் பறிப்பது என்ற ஒழுங்கு. செங்காய்க்கும் பழத்துக்கும் ஒரே விலை கிடைக்கும் வரை எவரும் இரண்டு மூன்று முறை நடந்து பொறுக்கிப் பறிக்க மாட்டார்கள். பழத்துக்குக் கூடுதல் விலை என்று உறுதியாகச் சொன்ன பிறகே பறிப்பு மாறும். விலைதான் தரத்தை உண்டாக்குகிறது. முத்திரை கடைசியில் வருகிறது.

நம் மலையிலேயே பாதி வழி வந்து நிற்கும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி, பூண்டி ஆகிய மேல்மலை ஊர்களில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முயற்சியில் கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் இயங்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறைக்குப் பங்கு இருந்தது. மலைமேல் 1984-இல் தொடங்கப்பட்ட ஒரு பல்கலைக்கழகம் தன்னைச் சுற்றியுள்ள வயலுக்குச் செய்த நல்ல காரியம் அது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே ஆண்டில் கிடைத்தது. அதற்குச் சேர்க்கப்படும் விருப்பாச்சி மலைவாழைக்கு முன்பே கிடைத்திருந்தது. ஆனால் புவிசார் குறியீடு என்பது சட்டம் தரும் உரிமை. வேறு ஊர்ச் சரக்கை இந்தப் பெயரில் விற்பதைத் தடுக்கும் உரிமை. அது தானாக விலையாக மாறிவிடாது. விளைவிப்பவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களாகப் பதிவு செய்ய வேண்டும், தரம் வகுக்க வேண்டும், பையில் போட்டுப் பெயரிட வேண்டும், சென்னையில் இருக்கும் வாடிக்கையாளருக்கு வாரந்தோறும் தவறாமல் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பூண்டு வழக்கம்போல் பெரியகுளம் வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டையாகப் போய் அன்றைய விலைக்கு விற்கும். குறியீடு வாங்கித்தரும் வேலையை அறிவியல் துறை செய்து முடித்தது. அடுத்த கட்டம் வணிகவியல், நிர்வாகவியல் துறைகளின் வேலை. ஒரு கல்லூரி மாணவர் தன் இறுதியாண்டுத் திட்டப் பணிக்குக் கற்பனைக் குளிர்பானம் ஒன்றை எடுத்துக்கொள்ளும்போது, பெயரும் சட்டப் பாதுகாப்பும் உள்ள உண்மையான பொருள் ஒன்று விற்பனைத் திட்டத்துக்காகக் காத்திருக்கிறது.

தொழில்முனைவு ரத்தத்தில் வர வேண்டும், வகுப்பில் வராது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் மறுப்பு. இதை நம் பக்கத்து மாநிலத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1964-இல் ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்து சிறு வணிகர்களைக் குழுக்குழுவாக ஹைதராபாத்துக்கு வரவழைத்துப் பயிற்சி தந்தார். அளவான இடரை ஏற்பது, எட்டக்கூடிய இலக்கை வகுப்பது, செய்ததன் விளைவை அளந்து பார்ப்பது ஆகியவை பயிற்சியின் சாரம். அடுத்த ஆண்டுகளில் ஒப்பிட்டபோது, பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிகமாகப் புதுத் தொழில் தொடங்கியிருந்தார்கள், அதிக முதலீடு செய்திருந்தார்கள், அதிக வேலை உருவாக்கியிருந்தார்கள். பின்னாளில் நாட்டில் பரவிய தொழில்முனைவோர் பயிற்சிகளுக்கெல்லாம் இந்தச் சோதனை ஒரு தூண்டுதல். இந்தியாவில் பிறந்த ஆய்வாளர் சரஸ் சரஸ்வதி 2001-இல் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். தேர்ந்த தொழில்முனைவோர் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்த அவர், அவர்கள் பெரிய திட்டம் தீட்டிவிட்டு அதற்குப் பணம் தேடுவதில்லை, கையில் இருப்பது என்ன, தெரிந்தது என்ன, யாரைத் தெரியும் என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள் என்றார். இப்படிச் சிந்திக்கும் முறையைச் சொல்லித்தர முடியும், பழக்கிவிடவும் முடியும். வெள்ளகவியில் தொடங்க நினைப்பவருக்கு முதல் கேள்வியே கையில் என்ன இருக்கிறது என்பதுதான்.

படிக்காமலேயே வென்றவர்கள் இல்லையா என்பது அடுத்த கேள்வி. உண்டு. கோவையில் பள்ளிப்படிப்பை இடையில் விட்ட முருகானந்தம் மலிவு விலைச் சானிட்டரி நாப்கின் இயந்திரம் செய்து, அதைப் பெரு நிறுவனங்களுக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்குக் கொடுத்தார். கடலூர் சி.கே. ரங்கநாதன் வேதியியல் படித்தவர், வணிகம் படித்தவரல்ல. 1983-இல் குடும்பத் தொழிலிலிருந்து விலகி 15,000 ரூபாயோடு ‘சிக்’ ஷாம்பூவைத் தொடங்கினார். ஷாம்பூவைச் சிறு உறையில் அடைக்கும் யோசனையில் அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணன் முன்னோடி. மகன் அதைக் கிராமம் வரை நடத்திக்கொண்டு போனார். விற்பனையாளர்கள் ஊர்ஊராகச் சென்று தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். எந்த நிறுவனத்தின் காலி உறைகளைக் கொண்டுவந்தாலும் புதிய உறை ஒன்று இலவசம் என்றார். கொஞ்சம் பழகியதும் ‘சிக்’ உறைகளுக்கு மட்டும் என்று மாற்றினார். மல்லிகை, ரோஜா மணங்களைச் சேர்த்தார். இந்தக் கதையைப் படிப்பு வேண்டாம் என்பதற்குச் சான்றாகச் சொல்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. கூலி வாரமோ நாளோ வருகிறது, ஆகவே பாட்டில் வாங்க முடியாது, உறை வாங்க முடியும் என்று வாங்குபவரின் பணப்புழக்கத்தைப் படித்ததுதான் அந்த வெற்றி. அவர் அதைச் சொந்த உழைப்பில், குடும்ப அனுபவத்தில் கற்றார். தொழில் செய்யும் தந்தை இல்லாத பிள்ளைக்கு அந்த அறிவு எங்கிருந்து வரும்? மலைக்கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்குக் கல்லூரிதான் அந்த வீடு.

வேலைக்காகத்தானே பிள்ளைகள் படிக்கிறார்கள், மலையேறவும் மூட்டை எண்ணவும் யார் அனுப்புவார்கள் என்று பெற்றோர் கேட்பது நியாயம். கடன் வாங்கிக் கட்டணம் கட்டியவர்களின் கேள்வி அது. ஆனால் களத்தைப் பாடமாக வைத்த நிறுவனங்கள் வேலையைக் கெடுத்துவிடவில்லை. 1979-இல் வர்கீஸ் குரியன் ஆனந்த் நகரில் ஊரக மேலாண்மை நிறுவனத்தைத் தொடங்கியதற்குக் காரணமே, நகரத்து நிறுவனங்களுக்காகத் தயாரான மேலாளர்கள் கூட்டுறவுக்கு வர விரும்பவில்லை, வந்தாலும் கிராமம் அவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான். சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்த குரியன் பால் கூட்டுறவில் கண்ட தேவை அது. அங்கே மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிப்பது பாடத்திட்டத்தின் பகுதி. நம் மாவட்டத்திலேயே திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் 1956 முதல் ஊரகக் கல்வி நடக்கிறது. மாணவர்கள் கிராமங்களில் தங்கும் மரபு அங்கேயும் உண்டு. நுகர்பொருள் நிறுவனங்களும் புதிதாகச் சேரும் மேலாளர்களை முதலில் சிற்றூர்க் கடைகளுக்குத்தான் அனுப்புகின்றன. விலை ஒவ்வொரு கையிலும் எப்படி மாறுகிறது என்று பார்த்தவர், பார்க்காதவரைவிட நல்ல வேலையாள். வேலை கிடைக்காதபோதும் அவருக்குச் செய்ய ஏதாவது தெரிந்திருக்கும்.

நான் மிகவும் மதிக்கும் மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. சந்தைப்படுத்தல் போகும் இடமெல்லாம் ஊர் சரக்காகிவிடுகிறது; மலையேற்றக்காரர்களும் தங்கும் விடுதிகளும் வந்த பிறகு வட்டக்கானல் எப்படி மாறியது என்பது கண்முன் இருக்கிறது; வெள்ளகவியையாவது விட்டுவிடுங்கள் என்பார்கள். செருப்பணியாத தெருவைச் சுற்றுலாக் காட்சியாக்கி விளம்பரம் செய்ய ஒரு மாணவர் திட்டம் போட்டால் அதற்கு மதிப்பெண் தரக் கூடாது என்பேன். ஆனால் கற்றவர்கள் விலகி நிற்பதால் சந்தை விலகி நிற்பதில்லை. வெளியிலிருந்து வருபவர் நிலம் வாங்குகிறார், கூடாரம் போடுகிறார், ஊரார் சுமை தூக்குகிறார்கள். கணக்குத் தெரிந்தவர் ஊருக்குள்ளேயே இருந்தால், எதை விற்பது, எதை விற்கவே கூடாது என்று ஊர் முடிவு செய்ய முடியும். சாலை கேட்பதும் அவர்களுடைய உரிமைதான். அது கிடைக்கும்போது மருத்துவமனை அருகில் வரும், சுமைகூலி குறையும். கூடவே வாங்க வருபவர்களும் நிலம் தேடி வருபவர்களும் அதே சாலையில் வருவார்கள். சாலை வருவதற்கு முன்பே தங்கள் காபியின் விலையையும் நிலத்தின் மதிப்பையும் தெரிந்துகொண்ட ஊரும், தெரியாத ஊரும் ஒரே சாலையில் வெவ்வேறு முடிவுகளுக்குப் போய்ச் சேரும்.

இதற்குப் புதிய துறையோ பெரிய நிதியோ தேவையில்லை. திண்டுக்கல், தேனி மாவட்டக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் பி.பி.ஏ., பி.காம். மாணவர்களுக்கு ஒரு பருவத்தில் ஒரு பொருளைக் கொடுத்தால் போதும். காபி, பூண்டு, மலைவாழை, பட்டர் ஃப்ரூட் என எதுவாகவும் இருக்கலாம். செடியிலிருந்து கடைசி வாடிக்கையாளர் கை வரை அது மாறும் ஒவ்வொரு கையிலும் விலை, எடை, காத்திருந்த நாட்கள், கெட்டுப்போன அளவு ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு வரட்டும். அந்த ஏட்டை விவசாயிகளிடமே திரும்பக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டட்டும். பிழை இருந்தால் அவர்கள் திருத்துவார்கள். அதற்குப் பிறகு கோட்லரைத் திறந்தால் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு முகம் இருக்கும். இந்த ஆண்டு பிள்ளையை நிர்வாகவியல் படிப்பில் சேர்க்கப் போகும் பெற்றோர் கட்டணத்தையும் வேலைவாய்ப்பு விவரத்தையும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: உங்கள் மாணவர்கள் மூன்றாண்டில் எந்தச் சந்தைக்குப் போவார்கள், எத்தனை நாள் அங்கே இருப்பார்கள், யாரிடம் பேசுவார்கள்? பதில் சொல்ல முடிந்த கல்லூரியில் சேருங்கள்.